ஆறுக்கு நாலு

நான்காம் பாரத்துக்கு, அதாவது ஒன்பதாம் வகுப்புக்கு, போகும்போது எங்கள் பள்ளியில் ஒரு கைத்தொழிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் போய்ச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மதராஸ் பாடத்திட்டம் புதுச்சேரிக்குப் புதிது. பையன்களுக்குத் தட்டச்சு அல்லது பட்டறை. பெண்களுக்குத் தையல் அல்லது சமையல். எனக்கு இரண்டும் தெரியும். தெரிந்ததையே படிக்க எதற்குப் பள்ளிக்கூடம்? பட்டறை என்றேன்.

வகுப்பு டீச்சர் சிரித்தார். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

அத்தைதான் முதலில் தொடங்கினாள். "தாவணி போட்டு ஆறு மாசம் ஆவல, ரம்பம் புடிக்கப் போறாளாம். பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட இன்னான்னு சொல்றது? ஜன்னல் செய்வான்னா?"

"அவங்க வீட்டுல ஜன்னல் இல்லன்னா நல்லதுதான அத்த."

முதலியார்பேட்டை ஆலையில் நூற்புப் பிரிவில் நின்றுவிட்டு வந்த நைனா, தலையில் பஞ்சு ஒட்டியிருக்கச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "தையல் படி. பட்டற கிட்டற எல்லாம் வேணாம்" என்று சொல்லிக் கை கழுவினார். அவரைப் பொறுத்தவரை பேச்சு முடிந்தது. என்னைப் பொறுத்தவரை முடியவில்லை.

மறுநாள் பள்ளியின் பின்புறத் தகரக் கொட்டகைக்கு நேராகப் போனேன். பட்டறை வாத்தியார் விழுப்புரம் பக்கத்துக்காரர், ஊருக்குப் புதியவர்.

"மிஷின் பெல்ட்டுல தாவணி சிக்கினா யாரும்மா பதில் சொல்றது? போ, போ" என்றார்.

இதுவரை எல்லோரும் கூடாது என்றார்கள். இவர்தான் ஏன் கூடாது என்று சொன்னார். காரணம் இருந்தால் அதைச் சரிசெய்யலாம். வழியிலேயே மனசுக்குள் வரிசை போட்டேன். தாவணி வேண்டாம். பாவாடைக்கு மேல் அண்ணனின் காக்கிச் சட்டை, கழுத்துவரை பொத்தான். பின்னலை மடித்துத் தலையோடு கட்டிவிட வேண்டும். வளையல் இல்லை.

அடுத்த நாள் அப்படியே, எங்கள் வீடிருந்த உப்பளத்திலிருந்து பள்ளிக்கு நடந்தேன். சைக்கிளில் வந்த ஒருவன், "இன்னா தம்பி, பாவாட கட்டிக்கினு எங்க போற?" என்றான்.

"பள்ளிக்கூடத்துக்கு. நீயும் படிச்சிருந்தா ஆம்பள பொம்பள வித்தியாசம் தெரிஞ்சிருக்கும்" என்றேன். அவன் பெடலைத் தவறவிட்டான்.

வாத்தியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். பெல்ட்டில் சிக்க என்னிடம் எதுவும் இல்லை. வேறு காரணம் கைவசம் இல்லாததால், "சரி, எல்லாரோடயும் சேந்து செய். பாப்போம்" என்று கரும்பலகையில் ஒரு செவ்வகம் வரைந்தார். நீளம் ஆறு, அகலம் நாலு. மரப்பலகையில் அந்த அளவுக்குக் குறித்து, அறுத்து, அரத்தால் தேய்த்துத் தர வேண்டும்.

ரம்பம் முதலில் முரண்டு பிடித்தது. பிறகு வழிக்கு வந்தது. என் துண்டைத்தான் அவர் முதலில் வாங்கினார். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிக் காட்டினார்.

"இன்னா இது, தீப்பெட்டியா? பொம்பள கையில ரம்பம் குடுத்தா இப்படித்தான்."

பையன்கள் சிரித்தார்கள். என் பக்கத்திலிருந்த மூன்று பேர் மட்டும் சிரிக்காமல் கையைப் பின்னால் மறைத்தார்கள். எனக்கு உடனே புரிந்தது. மூன்று பேரும் என்னைப் போலவே பிரெஞ்சுக்காரர் காலத்துச் சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். எங்கள் ஸ்கேலில் இருந்தது சென்டிமீட்டர். எங்கள் ஊரில் துணி வாங்கினாலும் மீட்டர்தான். வாத்தியாரும் மற்றப் பையன்களும் வந்த மதராஸ் பக்கத்து ஊர்களிலோ அளவு என்றாலே அங்குலம்.

அவர்கள் கையிலிருந்ததைப் பிடுங்கி என்னுடையதோடு மேசைமேல் வைத்தேன். நான்கும் ஒரே அளவு தீப்பெட்டிகள்.

"ஆறுக்கு நாலுன்னுதான் போட்டீங்க சார். அங்குலம்னு போடல. இவங்க மூணு பேரும் இதேதான் செஞ்சிருக்காங்க. இவங்களும் பொம்பளைங்களா?"

வாத்தியார் ஒரு துண்டை எடுத்து ஓரத்தில் விரலை ஓட்டினார். அது என்னுடையது. சாக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் எண்களுக்குப் பக்கத்தில் 'அங்குலம்' என்று எழுதினார். "நாளைக்கும் இப்படியே வா" என்றார்.

அதோடு நிற்கவில்லை. அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு வந்து நைனாவிடம் வெகுநேரம் பேசினார். கெஞ்சினார் என்றே சொல்லலாம். "பொண்ணு கேக்க வந்தவன்கூட இவ்ளோ கெஞ்ச மாட்டான்" என்று அத்தை உள்ளேயிருந்து முணுமுணுத்தாள். கடைசியில் நைனா, "கையில காயம் பட்டா அன்னியோட நிறுத்திடுவேன்" என்றார். என் வாதத்தில் மயங்கி வாத்தியாரே எனக்கு வக்கீலாகிவிட்டார் என்று நினைத்துத் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

இப்போது வரைபடம் போடுவதே என் வேலை. அலகு இல்லாமல் எந்த எண்ணையும் எழுதுவதில்லை.

அன்று அந்தக் கொட்டகையில் பாதி மேசைகள் காலியாக இருந்தன. பொறுக்கியெடுத்த சிலருக்கு மட்டுமே இடம் என்று எடுத்துக்கொண்டேன். ஆலையில் கால் கடுக்க நின்றவர்கள் யாரும் தம் பிள்ளைகளைப் பட்டறைக்கு விடவில்லை என்பதும், உட்கார்ந்து செய்யும் உத்தியோகம் வேண்டுமென்று எல்லோரும் தட்டச்சுக்கு அனுப்பினார்கள் என்பதும், ஆள் சேராவிட்டால் அந்த வகுப்பையே மூடிவிட்டு வாத்தியாரை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. யாருக்கும் வேண்டாத இடத்துக்காகத்தான் ஊரையே எதிர்த்திருக்கிறேன்.

தெரிந்திருந்தால் இன்னும் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.