கறிக்கரண்டி பிடித்த அம்மா

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கொரட்டூரில் எங்கள் சர்ச் வளாகத்தில் குழந்தைகள் இல்லத்துக்கு நிதி திரட்ட மதிய விருந்து வைத்தோம். பரிமாறும் பொறுப்பு என்னுடையது. கறிக்குழம்பு வாளியைத் தூக்கியவர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்த பருத்த அம்மா ஒருவர். டிக்கெட் வாங்கி வந்தவர்களில் யார் "இன்னும் கொஞ்சம்" என்றாலும், "வெச்சுக்கோ நைனா" என்று அள்ளி வைத்தார். "அளவா போடுங்கம்மா" என்று நான் கெஞ்சியபோதெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். கடைசிப் பந்தியில் இல்லத்துப் பிள்ளைகள் உட்கார்ந்தபோது வாளியில் ஒரு துண்டு கறி இல்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "யாருக்காகம்மா இந்த விருந்து?" என்று கத்திவிட்டேன்.

"இன்னா தம்பி பண்றது? கேக்கறவங்களுக்கு இல்லேன்னு சொல்ல வாய் வர்ல. இந்தப் பசங்க ஒண்ணுமே கேக்கலியே" என்றார்.

அடுத்த வருடம் பிள்ளைகளை முதல் பந்தியிலேயே உட்கார வைத்தேன். வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு அவர்கள் பேசாமல் இருந்தார்கள். அந்த அம்மா ஒவ்வோர் இலை முன்பும் குனிந்து, "இன்னும் வேணும்னு கேளு நைனா, கேளு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். பந்தி நகரவே இல்லை. வெளியே டிக்கெட்காரர்கள் சத்தம் போட்டார்கள். அவரை அங்கிருந்து இழுத்து வர எனக்குத்தான் மனம் வரவில்லை.