அஞ்சலிக்கு எடுத்த படம்

நான் தாதியாக இருக்கும் எச்.ஐ.வி. சிகிச்சை நிலையத்துக்குப் பட்டுச்சேலையில் வருகிறவர் ஓர் அக்கா மட்டும்தான். இரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று சொல்லும் துண்டை வாங்கியதும், நேரே காங்கேசன்துறைக்கு, மச்சாள் வீட்டுக்குப் போவார்.

"இந்த முறையும் கிருமி அளவிலை பிடிபடேல்லை அக்கா. அதுக்காக முற்றாப் போயிட்டுது எண்டில்லை. மருந்துக் குளிசையை விட்டால் திரும்பப் பெருகும்."

"விடுவனே? நான் படுக்கையிலை கிடக்கேக்கை, கண்ணீர் அஞ்சலிக்கெண்டு என்ரை கலியாணப் படத்தை எடுத்து வைச்சவள் அந்த மச்சாள்."

"துண்டைக் காட்டினால் என்ன சொல்லுவா?"

"தேத்தண்ணி தருவாள். குடிச்சிட்டு, வடிவாச் சிரிக்கச் சொல்லி ஃபோனிலை அவளை ஒரு படம் எடுப்பன்."

"அது எதுக்கு?"

"அவளுக்கும் ஒருநாள் தேவைப்படும்தானே."

இந்த அக்கா குளிசையை விடாதிருக்க, அந்த மச்சாள் நெடுங்காலம் உயிரோடிருக்க வேண்டுமென்று அன்று வேண்டிக்கொண்டேன்.