வண்டிக்குப் பல் அச்சு

"ஆ காட்டுப்பா. நல்லா... இன்னும் கொஞ்சம்" என்கிறார் பல்செட். எதிரில் நோயாளி யாரும் இல்லை. சைலன்சரைக் கழற்றிப் போட்ட ஒரு கிழட்டு டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்தான் நிற்கிறது. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் துவாரத்துக்குள், பல் டாக்டர்கள் கடைவாயைப் பார்க்கிற நீளக் காம்புக் குட்டிக் கண்ணாடி நுழைகிறது. பின்னாலேயே பல் காரை சுரண்டும் கொக்கி. உள்ளே படிந்திருந்த கரி ஓடு ஓடாகப் பெயர்ந்து செய்தித்தாள்மேல் விழுகிறது. "சிகரெட்டே சோறுன்னு இருக்கிறவன் வாய்கூட இவ்வளவு மோசமா இருக்காதுடா. யாருகிட்டடா வளந்த நீ?"

அவர் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அனுப்புகிற அச்சுகளை வைத்துப் பொய்ப்பல் கட்டித் தருகிறவர். அவருடைய வேலையறை அலமாரியில் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்து இளிக்கும். மெழுகும் அக்ரிலிக்கும் கலந்த ஒரு வாசனை அவர் சட்டையைவிட்டுப் போனதே கிடையாது. தெருவில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. பல்செட் என்றால் போதும், வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

தொழில் அவருக்கு ஒரு கெட்ட பழக்கத்தைக் கொடுத்திருக்கிறது. பேசுகிறவர்களின் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். முகத்தை மறந்துவிடுவார், பல்லை மறக்கவே மாட்டார். "யாரு, முன்பல்லு ரெண்டும் கோவிச்சுக்கிட்ட மாதிரி தள்ளித் தள்ளி நிக்குமே, அவரா?" என்பார். சொந்தக்காரர்கள் அவரைக் கண்டால் உதட்டை ஒட்டவைத்துக்கொண்டு சிரிப்பார்கள். மைத்துனர் ஒருவர் அவர் எதிரில் கொட்டாவியே விடுவதில்லை.

வண்டி வந்த கதை ஒரு தனிக் கூத்து. ஓடாத மின்விசிறியைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவர், மின்விசிறியைப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினார். தராசில் ஏற்றப்போன நேரத்தில் அது தன்னைப் பார்த்தது என்றார். "வண்டி பாத்துச்சா? ஹெட்லைட்டே இல்லையே, எத வெச்சுப் பாத்துச்சு?" என்று கேட்டார் மனைவி. அன்றிலிருந்து இரும்புக் கடைக்காரர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வாசலில் நின்று, "அண்ணே, நம்ம பொருள எப்ப திருப்பித் தர்றீங்க?" என்று விசாரிக்காமல் போவதில்லை.

மாதக்கணக்கில், ஹெட்லைட் தொடங்கி ஒவ்வொரு உறுப்பாக வண்டி தேறியது. கார்பரேட்டரின் நுண்துளைகளை, பல்லின் வேருக்குள் விடுகிற மெல்லிய கம்பியால் சுத்தம் செய்தார். பெட்ரோலோடு கலக்க வேண்டிய ஆயிலை, பொய்ப்பல்லுக்குத் திரவம் அளக்கும் குப்பியில் அளந்தார். சோக்கை இழுக்கும் குமிழ் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. தானே வார்த்தார். கைவசம் இருந்த அக்ரிலிக்கில் வார்த்ததால் அது அசல் ஈறு நிறத்தில், தொடவே கூச்சமாக இருந்தது. ஒருநாள் காலை வண்டி உறுமி, நீலப் புகையை வீடு முழுக்க நிரப்பியது. புகைக்குள்ளிருந்து மனைவியின் குரல் மட்டும் வந்தது: "என்னங்க, கொசு மருந்தடிக்கிற வண்டிக்கா இவ்வளவு பாடு?"

உயிர் வந்துவிட்டது, உரிமம் வரவில்லை. பதிவு காலாவதியாகிப் பல வருடம். முந்தைய சொந்தக்காரர் காகிதங்களில் முறையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். போக்குவரத்து அலுவலகத்து ஆய்வாளர் வண்டியைப் பார்த்துச் சரி என்றால் தெருவில் ஓட்டலாம்.

முதல் தடவை ஆய்வாளர் சரி என்று சொல்லவில்லை. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி இல்லை என்பது ஒரு குறை. சேசிஸ் எண்ணின் கடைசி இலக்கம் துருவேறி, மூன்றா எட்டா என்று தெரியவில்லை என்பது இன்னொன்று. மூன்றாவது குறையை அவர் எழுதவில்லை, வாயால் சொன்னார். ஆய்வாளருக்கு மேல்வரிசை முழுக்கக் கட்டுப்பல். அது தளர்ந்துபோய், 'சேசிஸ்' என்ற ஒரே சொல்லில் மூன்று விசில் அடித்தது. பல்செட் தன்னை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "யோவ், என் வாய்ல என்ன படமா ஓடுது? அடுத்த தடவையும் நம்பர் தெரியலன்னா வண்டிய உடைக்கத்தான் எழுதுவேன்."

வீட்டில் தீர்ப்பு அதைவிடக் கடுமை. மனைவி மின்கட்டணக் கவுண்டரில் உட்காருகிறவர். கூட்டத்தை ஒற்றை வாக்கியத்தில் நகர்த்தத் தெரிந்தவர். மாடிப்படிக்குக் கீழே வண்டி நிற்கும் இடம் அவருடைய வாஷிங் மிஷினுக்கு என்று எப்போதோ முடிவாகிவிட்டது. "பாஸானா வண்டி தெருவுல நிக்கும். பாஸாகலன்னா இரும்புக் கடையில நிக்கும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். இந்தத் தடவை நானும் வரேன். அந்த மனுசன் வாய நீங்க பாக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

பல்செட் கடைக்குப் போய்க் கண்ணாடி வாங்கி மாட்டினார். எண்ணுக்கு என்ன செய்வது? மற்றவர்களாக இருந்தால் துருவைத் துடைத்து, எண்ணின்மேல் தாளை ஒட்டிப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்திருப்பார்கள். இவருக்குத் தெரிந்த வழி வேறு. ஈறுக்கு அச்சு எடுக்கும் இளஞ்சிவப்பு மாவைக் குழைத்து, ஹாண்டில் பாருக்குக் கீழே, எண் பொறித்திருந்த வண்டியின் கழுத்தில் அப்பினார். "கடிக்காம அப்படியே இரு" என்றார். இறுகியதும் உரித்தெடுத்து அதில் பிளாஸ்டரை ஊற்றினார். வெள்ளைக் கட்டியொன்று வந்தது. அதன்மேல் கரியைத் தடவித் துடைத்ததும், கடைசி இலக்கம் இரண்டு வயிறோடும் தெளிவாக உட்கார்ந்திருந்தது. எட்டு.

ஆய்வு நாளில் அந்தக் கட்டியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனார். ஆய்வாளர் பிரித்துப் பார்த்தார். "என்னய்யா இது, யாரோட பல்லு?"

"வண்டியோட கழுத்து சார்."

"சேசிஸ் நம்பரா?" மூன்று விசில்.

பல்செட் சட்டென்று தரையைப் பார்த்தார். பிறகு சக்கரத்தைப் பார்த்தார். அலுவலகச் சுவரில் பெயர்ந்திருந்த பெயின்டைப் பார்த்தார். ஆய்வாளர் சோக் குமிழைத் தொட்டுவிட்டு, "இதென்ன கலரு?" என்றார்.

"ஈறு கலர் சார்" என்றார் பல்செட், ஆகாயத்தைப் பார்த்து.

ஆய்வாளரின் முகம் மாறியது. "என்னைப் பாத்துப் பேசுய்யா. போன தடவை முழுங்கற மாதிரி பாத்த. இப்ப நம்பர் கேட்டா மூஞ்சியத் திருப்புற. மூணை எட்டாக்கி வார்த்துக் கொண்டாந்துட்டியா? திருட்டு வண்டியா இது?"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நிமிர்ந்தால் பல், குனிந்தால் திருடன். பல்செட் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அது இன்னும் மோசமாகத் தெரிந்தது. ஆய்வாளர் பேனாவைத் திறந்தார்.

"சார்" என்றார் மனைவி, கவுண்டர் குரலில். "அவரு திருடரெல்லாம் இல்ல. உங்க பல்லப் பாக்கக் கூடாதுன்னு நான்தான் மிரட்டிக் கூட்டிட்டு வந்தேன். பொய்ப்பல்லு கட்டுறதுதான் அவரு தொழிலு. லூசான பல்லப் பாத்தா அவருக்குக் கை சும்மா இருக்காது."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார். ஆய்வாளரின் வாய் பெட்டிபோல் மூடிக்கொண்டது. பேனாவையும் மூடினார். பிறகு ஆய்வாளர் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டியின் கழுத்தருகே குனிந்தார். கேபிள்கள் மறைத்தன. வாயைத் திறக்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினார். பல்செட் சட்டைப் பையிலிருந்த குட்டிக் கண்ணாடியை அந்தக் கையில் வைத்தார். கேபிளுக்கு அடியில் கண்ணாடி நுழைந்தது, திரும்பியது, நின்றது.

"எட்டுதான்" என்றார் ஆய்வாளர், உதட்டைப் பிரிக்காமலே.

ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பல்செட் பெட்ரோல் டாங்கைத் தட்டி, "வலிக்காது, ஒரு நிமிசம்" என்று முணுமுணுத்துவிட்டு உதைத்தார். வண்டி இருமியது. மறுபடி உதைத்தார்; பிடித்துக்கொண்டது. புகையை அளக்கும் கருவியின் குழாயைச் சைலன்சரில் சொருகினார்கள். கருவி யோசித்தது. பல்செட்டும் மனைவியும் அதன் முகத்தையே பார்த்தார்கள். அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது, மயிரிழையில்.

முத்திரை குத்திய தாளைக் கொடுக்கும்போது ஆய்வாளர் வரிசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையால் வாயை மறைத்துக் கேட்டார்: "இதச் சரி பண்ண முடியுமா?"

பல்செட் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னார்: "உங்க டாக்டர்கிட்டச் சொல்லி அச்சு எடுத்து அனுப்புங்க சார். கழுத்துல வேணாம், வாயிலயே எடுக்கச் சொல்லுங்க."

திரும்பும் வழியில் வண்டி, கடமைக்கு நடக்கிற ஆள்போல் மெதுவாக வந்தது. பின் இருக்கையில் மனைவி, மடியில் பிளாஸ்டர் கட்டியோடு.

"நீ பேசாம இருந்திருந்தா இன்னிக்கே இரும்புக் கடைக்குப் போயிருக்கும்" என்றார் பல்செட். "உனக்குத்தான் ரெண்டும் ஒண்ணாச்சே?"

"நின்னு நின்னு கால் வலிச்சுது. அதான் பேசி முடிச்சேன். ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

சிக்னலில் சிவப்பு விழுந்தது. பல்செட் ஒரு கையை எடுத்து, புதிதாக மாட்டிய கண்ணாடியை மெல்லத் திருப்பினார். பின்னால் நின்ற பஸ் விலகியது, கடைப் பலகைகள் விலகின, மனைவியின் தோள் வந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். மனைவியின் வாய் வந்தது, சிரிப்போடு. அதே கணத்தில் அதன்மேல் ஒரு கை வந்து பொத்திக்கொண்டது. பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் கத்தின. பல்செட் கண்ணாடியிலிருந்து விரலை எடுக்காமல், அந்தக் கை இறங்கக் காத்திருந்தார்.