பாசி சுரண்டுகிறவனின் மகஜர்

பாசி சுரண்டுகிற தொழிலில் ஒன்று நிச்சயம்: யாராவது வழுக்கி விழும்வரை எங்களை யாரும் கூப்பிடுவதில்லை.

கார் நிறுத்தும் தளம், தோட்டத்து நடைபாதை, வாசல் சிமெண்டுத் தரை. மழை விட்ட பிறகு இவற்றில் படரும் பச்சைப் பாசியையும், கல்லோடு கல்லாக ஒட்டிக்கொள்ளும் வெள்ளைத் திட்டுகளையும் குந்தி உட்கார்ந்து சுரண்டி எடுப்பது என் வேலை. கள்ளக்குறிச்சி, தியாகதுருகம், ரிஷிவந்தியம், மேலே கல்வராயன் மலை வரைக்கும் போவேன். முட்டி தேய்ந்த தோழர்களே, நகக்கண்ணில் பச்சை ஏறிப்போன தோழிகளே, இந்த வேலையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் எப்படி இந்தத் தரைக்கு வந்து சேர்ந்தேன் என்பதைத்தான் விளக்க வேண்டும். எனக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தவை துண்டறிக்கைகள். துண்டறிக்கையில் முதலில் அநியாயங்களை வரிசை தவறாமல் சொல்ல வேண்டும். சொல்கிறேன்.

ஒன்று: மலையில் ஓர் ஊரின் சாமைக் கொல்லையும், அதை ஒட்டிய இடுகாடும் ஒருநாள் விடிந்தபோது வேறொருவர் பேரில் இருந்தன. இரண்டு: வேலி போட வந்தவர்களைத் தடுத்த மலைக்காரர் ஒருவர் மண்டை உடைந்து செத்தார். மூன்று: பாறையில் தவறி விழுந்தார் என்று எழுதினார்கள். நான்கு: விசாரணையில் அவர் மனைவி குப்பாயியிடம் கணவர் பேரைக் கேட்டார்கள். புருஷன் பேரை வாயால் சொல்வது அவர்கள் வழக்கத்தில் இல்லை. குப்பாயி தலையைக் குனிந்துகொண்டார். 'மனுதாரர் கணவர் பெயரைக் கூறவில்லை' என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். ஐந்து: அவரைப் புதைத்த இடத்தில் எங்கள் சங்கம் நட்ட கல் ஒரு மழைக்காலத்தில் காணாமல் போனது. ஆறு: கல்லைக் காணோம் என்று மனு கொடுத்தோம், அங்கே கல்லும் இருந்ததில்லை, இடுகாடும் இருந்ததில்லை என்று பதில் வந்தது. ஏழு: அந்த இடத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் எழும்பியது. எங்கள் சங்கம் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டது. நிறுத்தாத என்னை வெளியே அனுப்பியது.

எட்டாவதும் ஒன்று உண்டு. அது வரவேண்டிய இடத்தில் வரும்.

பழைய அதிகாரி வீடு

கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி வீடு. கேட்டிலிருந்து படி வரைக்கும் சிவப்பும் சாம்பலுமாக பேவர் பிளாக் போட்டிருந்தார்கள். கட்டைக்குக் கட்டை இடுக்கில் பாசி. அந்த இடுக்கைக் கத்தி முனையால்தான் கீற வேண்டும், பிரஷ் இறங்காது. காலையிலிருந்து குந்தியபடி நகர்ந்துகொண்டிருந்தேன். மாடியில் ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் ஒரு பக்கமும் திரும்பவில்லை. என்னைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

மத்தியானம் கீழே இறங்கி வந்தார். அப்போதுதான் எனக்கும் அடையாளம் தெரிந்தது. ஓய்வு பெறுவதற்கு முன் அவர் வேலை பார்த்த அலுவலகத்தின் வாசலில் குப்பாயிக்காக நாங்கள் பதினோரு நாள் உட்கார்ந்தோம். வெயிலில் தார் இளகி வேட்டியில் ஒட்டியது. அவர் தினமும் எங்களைச் சுற்றிக்கொண்டு காரில் உள்ளே போவார். இப்போது அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கோபம். ஒரு செம்பு மோர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, சிரித்தபடி சொன்னார்:

"அப்பவும் தரையிலதான் ஒக்காந்துகினு இருந்தே, இப்பவும் தரையிலதான் ஒக்காந்துகினு இருக்கே. ஒன்ன யாராலயும் எழுப்ப முடியாதுய்யா."

பதினாறாம் நாளுக்கு முன்

ரிஷிவந்தியம் பக்கம் ஒரு வீட்டில் அவசரம் என்று போன் செய்தார்கள். பாசி விஷயத்தில் அவசரம் என்றால் எனக்கு உடனே புரியும். போய்ப் பார்த்தால் கிணற்றடியிலிருந்து பின்கதவு வரை தரை பச்சைக் கம்பளம் மாதிரி இருந்தது. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் பாசி நீளமாக வழித்துப் போயிருந்தது, குதிகால் அகலத்துக்கு. அதன் முடிவில் துணி துவைக்கிற கல். கல்லின் மூலையை யாரோ நன்றாகக் கழுவியிருந்தார்கள்.

அந்த வீட்டு மருமகள் நல்ல மாதிரிதான். டீ கொடுத்தார். என் முட்டிக்குப் போட்டுக்கொள்ளச் சாக்கு கொடுத்தார். நான் அந்த வழித்த தடத்தை மட்டும் சுரண்டாமல் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு, அவராகவே சொன்னார்:

"மாமா மழ காலம் பூரா பாசிய சொரண்டணும், சொரண்டணும்னு சொல்லிக்கினே இருந்தாருங்க. பதினாறாம் நாளு ஒறம்பரைங்க ஜாஸ்தி வருவாங்க, இன்னொருத்தர் வுழக்கூடாது பாருங்க, அதான் கூப்ட்டோம்."

குப்பாயி வேலைக்கு வந்தது

மலை மேலிருக்கும் அந்த கெஸ்ட் ஹவுஸ் வேலை எனக்கு வந்தபோது நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. வெட்கம்தான் காரணம். எந்த இடத்துக்கு எதிராகத் துண்டறிக்கை எழுதினேனோ, அந்த இடத்தின் பாசியைச் சுரண்டப் போகிறேன் என்று யாரிடம் சொல்வது? ஆனால் மலையில் எதுவும் மறையாது. முதல் நாள் பஸ்ஸை விட்டு இறங்கினால், குப்பாயி கையில் தென்னந்துடைப்பத்தோடு நிற்கிறார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். புருஷன் செத்த பிறகு கொல்லை இல்லாமல், கிடைத்த இடத்தில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார்.

"அங்கயா வர்றே? வேணாம்மா" என்றேன். அவர் முன்னால் நடந்தார். நாலு தடவை மனுவோடு வந்தபோது அவரை உள்ளே விடாத வாட்ச்மேன், துடைப்பத்தைப் பார்த்ததும் கேட்டைத் திறந்துவிட்டான். மத்தியானம் தூக்குவாளியோடு ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் போனார். நான் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். வெறும் தரைதான், புல்தரை. அவருக்கு மட்டும் இடம் தெரியும். ஒரு கைப்பிடி சாமைச் சோறு அங்கே வைத்துவிட்டு, மீதியை எதிரில் உட்கார்ந்து தின்றார். திரும்பி வரும்போது நான் கேட்காமலே சொன்னார்:

"கேட்ட தாண்டி அவருகிட்ட போறதுக்கு இந்தத் தொடப்பத்த தவுர வேற வழி இன்னா இருக்குதுண்ணே?"

நாயின் கால்

கெஸ்ட் ஹவுஸ் வாசல் பாதை கண்ட கல்லையும் உடைத்துப் பதித்தது. கருங்கல், கடப்பாக்கல், எங்கெங்கோ மிச்சப்பட்ட துண்டுகள். மலை ஈரத்தில் எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி பாசி மூடிக் கிடக்கும். முதல் வருடமும் இரண்டாம் வருடமும் ஆசிட் ஊற்றித் தேய்த்தோம். சீக்கிரம் வேலை முடியும். கையுறை கேட்டேன், அடுத்த தடவை என்றார்கள். குப்பாயியின் விரல் நுனியெல்லாம் வெந்து தோல் உரிந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தேய்த்தார்.

மூன்றாம் வருடம் மேனேஜர் வாசலிலேயே காத்திருந்தார். முதலாளியின் நாய் போன தடவை ஈரத் தரையில் ஓடி அதன் பாதம் வெந்துவிட்டதாம். கள்ளக்குறிச்சிக்கு காரில் கொண்டுபோய்க் கட்டுப் போட்டார்களாம். "இனிமே ஆசிட்டே வாசப்படி மிதிக்கக் கூடாது. பிளீச்சிங் பவுடர் மட்டும்தான். வாயில்லா ஜீவன் பாருங்க" என்றார். குப்பாயி தன் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு மேனேஜருக்குக் கேட்கும்படியே சொன்னார்:

"எனக்கு வாயி இருக்குதுன்னு இன்னிக்குத்தாண்ணே தெரிஞ்சுகினேன்."

வெள்ளையாக நின்றது

பிளீச்சிங் பவுடர் வேலை வேறு மாதிரி. தரையை நனைத்து, பவுடரைத் தூவி, பாசி வெளுக்கும்வரை விட்டு, பிறகு தேய்த்துப் பெருக்க வேண்டும். மேடான இடத்தில் பவுடர் நிற்காது. பள்ளத்தில் தங்கிவிடும்.

போர்டிகோவுக்குக் கீழே, கார் முன்சக்கரம் நிற்கிற இடத்தில் ஒரு கறுப்புக் கடப்பாக்கல். முந்தைய இரண்டு வருடமும் ஆசிட் பட்டதும் அந்தக் கல்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக நுரைத்தது. "பாசி சாவுது பாரு" என்று நான் பெருமையடித்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். ஆசிட் பட்டால் கடப்பாக்கல்லே கரைந்து நுரைக்கும் என்று நான் படித்த எந்தத் துண்டறிக்கையிலும் இல்லை. இந்தத் தடவை பெருக்கி முடித்தபோது அந்தக் கல்லில் வெள்ளைக் கோடுகள் நின்றன. வெடிப்பு என்று நினைத்தேன். வெடிப்பு வளைந்து, சுழித்து, வரிசையாக ஓடாது.

ஐந்தாவது அநியாயத்தில் காணாமல் போன கல் அது. அதில் செதுக்க வேண்டியதை எழுதிக் கொடுத்தவன் நான். மேலே பேர். கீழே நான் இரவெல்லாம் யோசித்த நாலு வரி முழக்கம். "பேரு பெருசா, ஆழமா வெட்டட்டும்ணே, மீதி எப்படியோ" என்று அன்றைக்குக் குப்பாயி சொன்னார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. இப்போது என் நாலு வரியில் ஓர் எழுத்தும் மிச்சமில்லை. பேர் மட்டும் அங்கங்கே தேய்ந்து, வெள்ளையாக நின்றது. பதித்த கொத்தனார் எழுத்துள்ள பக்கத்தை ஏன் மேலே வைத்தானோ தெரியாது. கால் வழுக்காது என்று நினைத்திருப்பான்.

"இன்னாண்ணே, கல்லப் பாத்துகினு நிக்கிறே?" என்றார் குப்பாயி. சொன்னேன். அவர் அழவில்லை. கையிலிருந்த பிரஷ்ஷைத் தூர வைத்தார், ஏதோ அசிங்கத்தை வைப்பதுபோல. கேட்டது ஒன்றுதான்:

"அப்ப ரெண்டு வருசமா இத நானா தேச்சேன்?"

மகஜர்

மேனேஜர் வந்து பார்த்தார். "ஏதோ டிசைன். தேச்சு வுட்டுட்டுப் போங்க" என்றார். எனக்கு ஒன்று தெரியும். நாங்கள் கேட்டைத் தாண்டினால் காலையில் அந்த இடத்தில் புதுக் கல் இருக்கும். மறுபடி மனு கொடுக்கலாம், கல்லே இருந்ததில்லை என்று மறுபடி பதில் வரும். எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். கல்லின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கள்ளக்குறிச்சிப் பெரியவர் ஞாபகம் வந்தது. குப்பாயி மறு ஓரத்தில் உட்கார்ந்தார். ஊருக்குப் போன் போட்டேன். ஒரு மணி நேரத்தில் கேட்டுக்கு வெளியே நாற்பது பேர்.

வெயில் சாய்வதற்குள் வி.ஏ.ஓ. மோட்டார் சைக்கிளில் வந்தார். புதியவர், களைத்த முகம். வேறு வழியில்லாமல் மகஜர் எழுத உட்கார்ந்தார். கண்டதைக் கண்ட இடத்திலேயே எழுதி, சாட்சிகளுக்கு உரக்கப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குகிற காகிதம் அது. ஊரிலிருந்து நாலு பேரைச் சாட்சியாக உள்ளே விட்டார்கள்.

"எழுத்து தெளிவில்லாத பழைய கல் ஒண்ணுன்னு எழுதிக்கறேன்" என்றார்.

"ஏன் தெளிவில்லன்னும் எழுதுங்க சார்" என்றேன்.

"ஏன் தெளிவில்ல?"

தோழர்களே, எட்டாவது இங்கேதான் வருகிறது. என் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் செய்ததைத்தான் எண் போட்டுச் சொல்லியிருக்கிறேன். "நான் ஆசிட் ஊத்தினேன். ரெண்டு வருசம். கல்லு கரையறதப் பாத்து சந்தோசப்பட்டேன். அப்படியே எழுதுங்க" என்றேன்.

மேனேஜர் கைதட்டாத குறை. "பாத்தீங்களா சார், அழிச்சதே இவுருதான்!"

வி.ஏ.ஓ. என்னை ஒரு நிமிடம் பார்த்தார். எழுதினார். பிறகு, "சரி, அப்ப பேரு?" என்றார். நான் வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க சொல்லாதீங்க. அழிச்சவரே படிச்சா செல்லாது. அந்தம்மா சொல்லட்டும். ஏம்மா, ஒங்க வூட்டுக்காரரு பேரு இன்னா?"

அதே கேள்வி. நாலாவது அநியாயத்தில் கேட்ட அதே கேள்வி. குப்பாயி குனிந்தார். சாட்சியாக வந்த பெண் ஒருத்தி, "அவ சொல்லமாட்டா சாரு, நான் சொல்றேன்" என்று முன்னால் வந்தாள். அவர்கள் ஊரில் அப்படித்தான், புருஷன் பேரைப் பக்கத்தில் நிற்பவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். "அவங்கதாம்மா சொல்லணும்" என்றார் வி.ஏ.ஓ. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

குனிந்த குப்பாயி இனி நிமிரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் குனிந்தது கல்லைத் தொட. வெந்துபோன ஆள்காட்டி விரலை முதல் எழுத்தின் பள்ளத்தில் வைத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. விரல் வெள்ளையோடு நகர்ந்தது. ஆசிட் தின்ற இடத்தில் நின்றது, தாண்டியது, மறுபடி பள்ளத்தைப் பிடித்தது. கடைசி எழுத்தில் விரல் நின்றபோது பேரைச் சொன்னார்.

"கேக்கலம்மா" என்றார் வி.ஏ.ஓ. கிண்டல் இல்லை, உண்மையிலேயே கேட்கவில்லை.

இரண்டாவது தடவை சொன்னபோது கேட்டில் நின்ற வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தான். சாட்சிக்கு வந்த பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குப்பாயி புடவையில் விரலைத் துடைக்கவில்லை. வி.ஏ.ஓ.வைப் பார்த்துச் சொன்னார்:

"எழுதிக்கோ சாரு. ஆம்படையான் பேரச் சொன்னவன்னு ஊரு என்ன ஏசினு போவட்டும், இல்லாதவன்னு அவர எவனும் சொல்லக் கூடாது."

ஆக, முட்டி தேய்ந்த தோழர்களே, பதினோரு நாள் தார்ரோட்டில் உட்கார்ந்து நாங்கள் கத்தியும் கேட்காத அந்தப் பேர், முதலாளி வீட்டு நாய் ஒன்றுக்குக் கால் வெந்த புண்ணியத்தில், நாலு சாட்சிகள் முன்னிலையில் அரசாங்கத்தின் வாயாலேயே உரக்கப் படிக்கப்பட்டது: "சின்னக்குழந்தை மகன் சடையன்."