பிட்டில் தூவிய ஆளிவிதை மா

என் அத்தானின் சாப்பாட்டு மேசையில் பால்மாத் தகரமொன்று எப்போதும் இருக்கும். அதனுள்ளே வறுத்து இடித்த ஆளிவிதை மா. காலையில் பிட்டின்மேல் ஒரு கரண்டி, மத்தியானம் சொதியிலோ மோரிலோ ஒரு கரண்டி, இரவில் குரக்கன் ரொட்டிக்குக் குழைக்கும்போதே மாவோடு மாவாக. வீட்டார், விருந்தினர் என்ற வேறுபாடு கிடையாது. கதிரையை இழுத்து உட்கார்ந்தவர் எவராயினும் அவருடைய பீங்கானில் அந்த மண்ணிறத் தூள் விழுந்தே தீரும். எள்ளுக்குக் கிட்டிய மணம். சொதியில் விழுந்தால் சற்றே வழுவழுக்கும். "தண்ணியைக் குடியுங்கோ தம்பி. தண்ணி இல்லாட்டி இது வயித்துக்குள்ள கல்லு," என்று சொல்லிச் செம்பை என் பக்கம் நகர்த்துவார். பழுதாகிக் காறல் அடிக்கக் கூடாதென்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இடிப்பிப்பார்.

அத்தான், அதாவது என் ஒரே அக்காவின் கணவர், உப்புவெளிப் பக்கத்தில் ஓர் அரசாங்க மருந்துச்சாலையில் நோய் பார்த்து மருந்து கொடுக்கும் அப்போதிக்கரியாக இருந்தார். சுதந்திரம் கிடைத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. எங்கள் ஊரில் ஆளிவிதையை அறியாதவர் இல்லை. ஆயினும் அதை உண்ணும் பொருளாக அறிந்தவர் எவருமில்லை. மீன் முள் குத்திக் கை வீங்கிச் சல்லி என்ற கரையோரக் கிராமத்திலிருந்து வருவோருக்கு, மருந்துச்சாலையில் அந்த மாவை வெந்நீரில் கிண்டி, சீலையில் தடவி, சுடச்சுடப் பற்றுப் போடுவார்கள். கட்டுக்கும் வீக்கத்துக்கும் உரிய மருந்து; ஆகவே அரசாங்கச் சொத்து. அதே மா அப்போதிக்கரியின் குசினியில் காணப்பட்டபோது, அது எவ்வழியால் வந்திருக்கும் என்று முடிவுகட்ட எங்கள் தெருவுக்கு நெடுநேரம் பிடிக்கவில்லை.

உண்மை எனக்குத் தெரியும். நகரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த, கிண்ணியா ஊரைச் சேர்ந்த முதலாளி ஒருவர், கொழும்பிலிருந்து சரக்கு எடுக்கும்போது அந்த விதையையும் அத்தானுக்காக எடுப்பித்துக் கொடுத்தார். பல தடவை அந்தப் பொதியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டுவந்து சேர்த்தவன் நானே. ஆனால் பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் அக்காவைக் கேட்பார்: "என்ன பிள்ளை, இண்டைக்கும் பிட்டுக்குப் பற்றுப் போட்டாச்சோ?" அக்கா சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவார். துறைமுகக் காரியாலயத்தில் என்னோடு வேலைசெய்த ஒருவன், அக்கா கட்டித்தந்த சாப்பாட்டுப் பொதியை நான் அவிழ்க்கும்போதெல்லாம், "பாத்துத் தின் ஐசே, ரொட்டியும் கவுண்மேந்து ரொட்டியோ?" என்பான். சுற்றியிருந்தவர்கள் சிரிப்பார்கள். கல்லூரியில் படித்து, குடும்பத்தின் பெயருக்கு ஒரு கறையும் படாமல் வாழவேண்டும் என்று வளர்க்கப்பட்ட எனக்கு அந்தச் சிரிப்பைத் தாங்குவது எளிதாக இருக்கவில்லை. ஒருநாள் மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து மருந்து இருப்பைச் சோதித்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் சோதிக்க வந்ததைக் கண்ட ஊர், சரியாக இருந்ததைக் காணவில்லை.

அன்று மாலை விறாந்தையில் அவரை நேரே கேட்டேன். "கடையில வாங்கினது எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன் அத்தான். முதலாளியே வந்து சாட்சி சொல்லுவார். கதை அதோட முடிஞ்சிடும்."

"முடியாது தம்பி. வாங்கினது எண்டு சொன்னா, ஆருக்கு எண்டு கேப்பினம்."

"ஆருக்கு?"

அவர் குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். கடைசிப் பிள்ளை பிறந்த பிறகு அக்காவுக்கு மலம் இறுகி இரத்தம் போகும் வருத்தம் ஏற்பட்டிருந்தது. ஆண் வைத்தியர் ஒருவரிடம் அதைச் சொல்வதைவிடச் செத்துப்போகலாம் என்று அக்கா அழுதிருக்கிறார். தான் மட்டும் தனியாக ஒரு மருந்தைத் தின்றால் மாமியாரும் மச்சாள்மாரும் காரணம் கேட்பார்கள் என்றும் பயந்திருக்கிறார். அதனால்தான் அத்தான் எல்லோருடைய பீங்கானிலும் அதைத் தூவினார். எல்லோரும் தின்னும் ஒன்றை மருந்து என்று எவரும் நினைக்கமாட்டார்கள் அல்லவா? "என்னைக் கள்ளன் எண்டு சொல்லட்டும். அது என்னோட போகும். நீர் வாய் திறக்கப்படாது," என்றார்.

நான் வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைப்போல் என்னை வருத்திய ஒன்று என் வாழ்வில் வேறில்லை. இன்றைய பிள்ளைகள் தங்கள் வயிற்றுக் கோளாறுகளைத் தேநீர் குடித்தபடியே பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இந்த மௌனத்தின் பாரத்தை எப்படி விளக்குவது? ஒரு நேர்மையான மனிதர் தெருவில் நடக்கும்போது பின்னால் எழுந்த முணுமுணுப்பை நான் ஆண்டாண்டாகக் கேட்டேன். பதில் என் நாவின் நுனியில் இருந்தது. அதைச் சொல்ல என்னால் ஏலவில்லை. அத்தான்மேல் கோபம், ஊர்மேல் கோபம், உண்மையை அறிந்துகொண்ட என்மேலும் கோபம். அக்காவோ நாளடைவில் சுகமடைந்தார். மா மட்டும் மேசையைவிட்டு நீங்கவில்லை, ஊர்க்கதையும் நீங்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அத்தான் காலமானார். சவப்பெட்டி எடுப்பதற்கு முன் முற்றத்தில் சிலர் இரங்கலுரை சொன்னார்கள். பக்கத்து வீட்டு அம்மாவின் கணவரும் எழுந்தார். காரியாலயம் ஒன்றில் தலைமை லிகிதராக இருந்து இளைப்பாறியவர், நல்ல பேச்சாளர். "அரசாங்கத்து மாவென்றும் பாராமல், தன் வாசலுக்கு வந்தவர்க்கெல்லாம் அள்ளிப் பரிமாறிய கை இந்தக் கை," என்றார். அவருடைய கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன. புகழ்ச்சியாகவே அதைச் சொன்னார். சபை தலையசைத்தது. கள்ளன் என்ற சொல்லைப் பூமாலையில் சுற்றி அவருடைய நெஞ்சின்மேல் வைத்துவிட்டார்கள். நான் எழுந்தேன்; வாக்கு நினைவுக்கு வந்தது; கதிரையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அப்போது தலைமாட்டில் பெண்கள் நடுவே இருந்த அக்கா, அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணை, ஒருக்கா நில்லுங்கோ. அது அரசாங்கத்து மா இல்லை. கடையில காசு குடுத்து வாங்கினது. எனக்கு மலம் இறுகி ரத்தம் போற வருத்தம் இருந்தது. அதை ஒருத்தரும் அறியக்கூடாது எண்டுதான் இவர் உங்கள் எல்லாருக்கும் சேத்துப் போட்டவர்."

பக்கத்து வீட்டு அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அக்கா அத்தானின் நெற்றியில் ஒருமுறை கையை வைத்து எடுத்தார்.

"இப்ப அறிஞ்சிட்டியள். இனிப் பெட்டியை மூடுங்கோ."