"ங்க"வை எடுத்துப்போடும் என்று ஜெபித்தேன்

நம்ம சபைப் பத்திரிகையில, ஆண்டவர் செஞ்சதுக்குச் சாட்சி சொல்ல வர்றவங்க பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்து ஆரம்பிப்பாங்க. நான் கக்கூஸ்ல இருந்து ஆரம்பிக்கிறேன். சபையார் மன்னிக்கணும். அங்கதான் நடந்துச்சு.

போன வருஷம் ஆகஸ்ட் மாசம், ஒரு புதன்கிழமை, காலை பத்தே கால் மணி. மலேசியாவுல கெடா மாநிலம். செம்பனைங்கற பாமாயில் மரத் தோட்டங்களுக்கு நடுவுல ஒரு சின்ன ஊரு, அதுல ஒரு தமிழ்ப்பள்ளி. அந்தப் பள்ளியோட ஆசிரியர் கழிப்பறையில, நாப்பத்தி நாலு வயசு ஆம்பளை ஒருத்தன் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு, மூடி வெச்ச கம்மோடு மேல உக்காந்து, சத்தம் வெளிய கேக்கக்கூடாதுன்னு வாயில கைக்குட்டையை அடைச்சுக்கிட்டு அழுதுட்டு இருந்தான். கழுத்துல 'பயிற்சி ஆசிரியர்'னு ஒரு அட்டை தொங்குச்சு. அது நானுங்க.

ரெண்டு அறை தள்ளி நாலாம் ஆண்டுப் பிள்ளைங்க இருபத்தாறு பேரும் மேசை மேல ஏறி நின்னு தவளை மாதிரிக் கத்திட்டு இருந்தாங்க. "ங்க! ங்க! ங்க! ங்க!"

எப்படி அங்க போய்ச் சேர்ந்தேன்னு சொல்லிடறேன்.

என் பேரு மோசஸ் பழனிசாமி. பாதிப் பேரு அம்மா வெச்சது, மீதி அப்பா விட்டுக்கொடுக்காதது. சொந்த ஊரு மதுக்கரைப் பக்கம். பி.எஸ்சி. வேதியியல் படிச்சுட்டு, வேலை கெடைக்காம, ஒரு பள்ளிக்கூடத்துல லேப் உதவியாளரா சேர்ந்தேன். பத்தொன்பது வருஷம் கண்ணாடிக் குடுவை கழுவினேன். ஒருநாள், என்னைவிட ரொம்பச் சின்னவரான வாத்தியார் ஒருத்தர் தப்பான அமிலத்தை எடுத்தாரு. மெதுவா காதுல சொன்னேன். "பழனிசாமி, நீ கழுவற வேலையைப் பாரு"ன்னாரு. பசங்க முன்னாடி சொன்னாரு.

அடுத்த மாசமே வேலையை விட்டேன். பி.எட். சேர்ந்தேன்.

என் மனைவி ஸ்டெல்லா சொன்னது: "ஏனுங்க, ரோஷம் வந்தா மத்தவிய சண்டைக்குப் போவாங்க. நீங்க என்னடான்னா காலேஜுக்குப் போறீங்க!"

வகுப்புல எல்லாரும் என்னை அங்கிள்னுதான் கூப்பிட்டாங்க. ரெண்டாம் வருஷம், எங்க கல்லூரியில இருந்து ஒருத்தர் மலேசியாவுல ஆறு வாரம் கற்பித்தல் பயிற்சி செய்யலாம்னு அறிவிப்பு வந்துச்சு. பேரு கொடுக்க ஆளில்லை. நான் கொடுத்தேன். விசுவாசத்துல கொடுத்தேன்னு சொன்னா பொய். நம்ம சபையிலயே ஒரு அண்ணன், "இந்த வயசுல உனக்கெதுக்குப்பா வெளிநாடு?"ன்னாரு. அதுக்காகவே கொடுத்தேன். அந்த அண்ணன் இதைப் படிப்பாரு. ஸ்தோத்திரம் அண்ணா.

விமானம் கோவையில இருந்து மேல ஏறி, ஊரு கண்ணுக்கு மறையறதுக்குள்ள, நான் செஞ்ச பாவத்தையெல்லாம் வரிசையா அறிக்கை பண்ணி முடிச்சுட்டேன். ஆட்டம் நின்னு சமமா பறக்க ஆரம்பிச்சதும் அதுல ரெண்டு மூணை வாபஸ் வாங்கிக்கிட்டேன்.

பள்ளியில என்னை மேற்பார்வை பண்ணினவங்க அமுதா டீச்சர். என்னைவிடப் பத்து வயசு சின்னவங்க. நிமிர்ந்த முதுகு, தெளிவான பேச்சு, ஒரு தடவைக்கு மேல எதையும் சொல்லமாட்டாங்க. ஆறு வாரமும் முடியறப்ப அவங்க 'தேர்ச்சி'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் எனக்குப் பட்டம். இல்லைன்னா இல்லை. திரும்பிப் போய் குடுவை கழுவற வேலையும் இல்லை, அதுக்கு வேற ஆளு போட்டாச்சு.

முதல் நாள் வகுப்புக்குள்ள போனேன். பிள்ளைங்க எந்திரிச்சு, "வணக்கம் ஆசிரியர்"னாங்க.

"வணக்கமுங்க. உக்காருங்க கண்ணுங்களா"ன்னேன்.

சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாது.

நமக்குத் தெரியாமயே நம்ம வாயில வர்றதுதானே அது. "இது தண்ணிங்க. சூடு பண்ணினா ஆவிங்க. யாருக்குத் தெரியுமுங்க? தர்ஷினி, நீங்க சொல்லுங்க. ஆமாங்க, சரிங்க." பத்து வயசுப் பிள்ளைக்கு 'நீங்க'! அந்தப் பிள்ளைங்க அப்படி ஒரு வாத்தியாரைப் பார்த்ததே இல்லை. மூணாவது நாள், பலகை ஓரத்துல சின்னச் சின்னதா கோடு கிழிச்சிருந்துச்சு. என்னன்னு கேட்டேன். முன் வரிசையில இருந்த தர்ஷினி, ரெட்டைப் பின்னல், வாயாடி, எந்திரிச்சு, "உங்க ங்க கணக்கு, ஆசிரியர். நேத்து நூத்திப் பதினாறு"ன்னா.

"அப்படிங்களா?"ன்னேன்.

"நூத்திப் பதினேழு!"ன்னு வகுப்பே கத்துச்சு.

ரெண்டாவது வாரம், திங்கட்கிழமை, அமுதா டீச்சர் என்னைக் கூப்பிட்டாங்க. "ஐயா, பசியாறிட்டீங்களா?"ன்னு கேட்டுட்டு, அங்கெல்லாம் காலைச் சாப்பாட்டை அப்படித்தான் விசாரிப்பாங்க, நேரா விஷயத்துக்கு வந்தாங்க. "நீங்க பிள்ளைங்ககிட்ட கெஞ்சறீங்க. வகுப்பு உங்க கையில இல்லை. வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் உங்க பாடத்தைப் பார்க்க வர்றாரு. இப்படியே இருந்தா என்னால தேர்ச்சின்னு எழுத முடியாது. முதல்ல அந்த ங்கவை விடுங்க."

"சரிங்க"ன்னேன். வேற என்ன வரும் என் வாயில?

புதன்கிழமைதான் அந்தத் தவளைக் கச்சேரி. ஒருத்தன் ஆரம்பிச்சான், இருபத்தாறு பேரும் பாடினாங்க. நான் மார்க்கரைக் கீழே போட்டுட்டு ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன்.

அங்க நான் செஞ்ச ஜெபம் ரொம்ப நல்ல ஜெபம்னு சொல்லமாட்டேன். முதல்ல, "ஆண்டவரே, இந்த ங்கவை என் நாக்குல இருந்து எடுத்துப்போடும்"னு கெஞ்சினேன். அப்புறம் என்னன்னு தெரியலைங்க, கோபம் வந்துருச்சு. ஆண்டவர் மேலதான். கைக்குட்டையை வாயில இருந்து எடுத்துட்டு சண்டை போட்டேன்.

"எங்கப்பனுக்கும் இதையேதானே கொடுத்தீரு? அவரு மஞ்சக் காட்டுல கூலிக்கு நின்னாரு. காட்டுக்குச் சொந்தக்காரரு பையன், என் வயசு, எட்டு வயசு, வரப்பு மேல நின்னுக்கிட்டு 'டேய், தண்ணியைத் திருப்பி உடுடா'ன்னான். எங்கப்பன் 'ஆச்சுங்க சாமி'ன்னாரு. நான் பக்கத்துல நின்னேன், நீரும் நின்னீர்தானே? கோயமுத்தூர் மரியாதைன்னு ஊரே பெருமைப்படுது. சொந்தக் குழந்தையைக் கொஞ்சினா ங்க. கடைக்கு வந்தவிங்களுக்கு ங்க. எங்கப்பன் நரைச்ச தலைக்கு மட்டும் ஒருத்தனும் ஒரு ங்க போடலையே. அவரு வாழ்நாளெல்லாம் மேல பார்த்துப் போட்ட ங்கதான் என் நாக்குல ஒட்டியிருக்குது. இப்ப அதை வெச்சே கடல் தாண்டி என் மானத்தை வாங்கறீரா?"

வெளியே யாரோ கதவைத் தட்டி, அந்த ஊரு 'லா' போட்டு, "யாருலா உள்ளே? அவசரம்லா!"ன்னாங்க. கண்ணைத் தொடைச்சுட்டு வெளியே வந்தேன்.

வியாழக்கிழமை ங்க வரலைங்க! நெசமாத்தான். "உட்கார். எழு. புத்தகத்தைத் திற. பேசாதே." மொழிமாற்றப் படத்துல வர்ற போலீஸ்காரர் மாதிரி இருந்துச்சு என் குரல். வகுப்பு கப்சிப். கதவோரமா நின்ன அமுதா டீச்சர் தலையை ஆட்டினாங்க. நான் மனசுக்குள்ள அல்லேலூயா பாடிட்டேன். ஒரே நாள்ல ஜெபத்துக்குப் பதில்! ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டு, "அற்புதம் நடந்துருச்சு, ங்க போயிருச்சு"ன்னேன்.

"அப்ப ஊருக்கு வந்தா என்னையும் வாடி போடிம்பீங்களா?"ன்னு கேட்டா. அவளுக்கு அற்புதத்தோட அருமை தெரியாதுன்னு நெனச்சுப் போனை வெச்சுட்டேன்.

இடைவேளையில தர்ஷினி வந்தா. கை கட்டிக்கிட்டு, முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு நின்னா.

"ஆசிரியர், இன்னைக்குக் கணக்கு ஜீரோ."

"நல்லதுதானே?"

"நல்லதில்ல. எங்க மேல கோபமா?"

"இல்லையே. நீங்கெல்லாம் கேலி பண்ணினீங்க, அதான் விட்டுட்டேன்."

"கேலி பண்ணினா விட்டுடுவீங்களா?" அவ கேட்ட தோரணையில எனக்கே வெக்கமாப் போச்சு. "வீட்ல என்னை ஏய்னு கூப்பிடுவாங்க. கடைக்காரர் ஏய் பொண்ணும்பாரு. நீங்க மட்டும்தான் 'தர்ஷினி, நீங்க சொல்லுங்க'ன்னு கேட்டீங்க. சிரிப்பா இருந்துச்சு. ஆனா விடை தெரியாட்டியும் சொல்லணும்போல இருந்துச்சு. இன்னைக்கு எனக்கு விடை தெரியும். சொல்லவே இல்லை."

சொல்லிட்டு ஓடிட்டா.

சபையாரே, எனக்குப் பதில் வந்த இடம் அதுதான். நான் எடுத்துப்போடுன்னு கேட்டேன். அவரு எடுத்துக் காட்டி, "இதையா எடுக்கச் சொல்றே?"ன்னு கேட்டாரு. எங்கப்பன் பயந்து போட்டாரு. அவருக்கு வேற வழியில்லை. நான் பயந்து போடலை. என்கிட்ட மார்க் வாங்க வேண்டிய, என்னைப் பார்த்து எந்திரிச்சு நிக்க வேண்டிய பத்து வயசுப் பிள்ளைக்குப் போடறேன். ஒரே ங்கதான். ஆனா அது மேல இருந்து கீழே இறங்கி வந்தா வேற வார்த்தை. இதை எங்கப்பன் வாயில இருந்து பறிச்சாங்க. என் வாயில இருந்து நான் கொடுக்கறேன். இனிமே ஒருத்தர் சொல்லி நிறுத்தமாட்டேன்.

இப்படி வீரமா முடிவெடுத்தேன். மறுபடியும் அதே கழிப்பறை. அதுக்கப்புறம்தான் அமுதா டீச்சர்கிட்டப் போனேன்.

"டீச்சருங்க, மன்னிக்கணுமுங்க. என்னால விட முடியாதுங்க. ஃபெயில்னு எழுதினாலும் பரவாயில்லைங்க. ங்கவோடயே ஃபெயில் ஆகறேனுங்க."

"ஐயா, நீங்க எதிர்த்துப் பேசறீங்களா, கெஞ்சறீங்களான்னே தெரியலை"ன்னாங்க. அப்புறம், "நாளைக்கு வகுப்புல காட்டுங்க"ன்னாங்க.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் பின் பெஞ்சுல உக்காந்தாரு. பெரிய உருவம், மடியில ஒரு கோப்பு. நான் கண்ணாடிக் குடுவையில தண்ணியைக் கொதிக்க வெச்சு, மேல ஐஸ் வெச்ச தட்டைப் பிடிச்சேன். பத்தொன்பது வருஷம் கழுவின கையிங்க, குடுவை பளபளன்னு இருந்துச்சு. மூலையில ஒரு தவளை மெதுவா ஆரம்பிச்சுது. "ங்க..."

"தவளைங்களும் உக்காருங்க"ன்னேன். சிரிச்சுட்டு உக்காந்தாங்க.

"இன்னையில இருந்து இந்த வகுப்புல ஒரே சட்டமுங்க. நான் உங்களுக்கு ங்க போடுவேன். நீங்களும் ஒருத்தருக்கொருத்தர் போடணும். கேக்கணும்னா கையைத் தூக்கணும். பெரியவங்க, சின்னவங்க, யாரா இருந்தாலும்."

முதல்ல விளையாட்டாத்தான் ஆரம்பிச்சாங்க. "தர்ஷினி சொன்னது தப்புங்க." "எப்படிங்க தப்பு?" "தட்டுல இருந்து தண்ணி ஒழுகலைங்க, ஆவிதாங்க தண்ணியா மாறுது." பத்து நிமிஷத்துல விளையாட்டு போயிருச்சு, அறிவியல் வந்துருச்சு. ங்க போட்டுக்கிட்டு ஒருத்தனை முட்டாளேன்னு திட்ட முடியாதுங்க, நீங்களே வீட்ல முயற்சி பண்ணிப் பாருங்க.

அப்பத்தான் தலைமையாசிரியர் பின்னாடி இருந்து, "சரி, அந்த ஆவி வெளிய போனா என்ன ஆகும்?"னு கணீர்னு கேட்டாரு.

தர்ஷினி திரும்பினா. "கையைத் தூக்கிட்டுக் கேளுங்க, தலைமையாசிரியருங்க"ன்னா.

என் உயிரு அங்கேயே பிரிஞ்சுது. கெடாவுல இருந்து கோவைக்குப் பிணத்தை எப்படிக் கொண்டு போவாங்கன்னு யோசிச்சுட்டு இருந்தேன். அந்தப் பெரிய மனுஷன் கோப்பை மெதுவாக் கீழே வெச்சாரு. வலது கையைத் தூக்கினாரு. தூக்கிக்கிட்டே காத்திருந்தாரு.

"சொல்லுங்க சார்"னேன்.

ஆறாவது வாரம் அமுதா டீச்சர் தேர்ச்சின்னு எழுதினாங்க. வகுப்புக் கட்டுப்பாடுங்கற கட்டத்துல, 'வேறு மாதிரி இருக்கிறது. ஆனால் இருக்கிறது'ன்னு எழுதியிருந்தாங்க. அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டலாம்னேன். ஸ்டெல்லா, "அதுக்கும் ஒரு ஆணி அடிக்கத் தெரியணுமுங்க"ன்னுட்டா.

இப்ப நான் நம்ம ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தறேன். அதே சட்டம்தான். எல்லாருக்கும் ங்க. போன வாரம் ஒரு அப்பா வந்தாரு. "ஏனுங்க வாத்தியாரே, என்ற பையன் அந்தப் பையனுக்கெல்லாம் எதுக்கு ங்க போடோணும்?"னாரு. எந்தப் பையன்னு அவரும் சொல்லலை, நானும் கேக்கலை. ரெண்டு பேருக்கும் தெரியும்.

"அந்தப் பையனும் உங்க பையனுக்குப் போடறானுங்களே"ன்னேன்.

"அவன் போடுவான். அது வேறங்க."

"இங்க வேற இல்லைங்க"ன்னேன்.

அவரு தாளாளர்கிட்டப் போயிட்டாரு. வர்ற திங்கட்கிழமை பத்து மணிக்கு என்னை விசாரிக்கக் கூப்பிட்டிருக்காங்க.

அதனாலதான் இதை எழுதறேன். கஷ்டத்துல இருக்கிற உங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். ஆண்டவர்கிட்ட அழகா ஜெபிக்கணும்னு காத்திருக்காதீங்க. கோபமிருந்தா கோபத்தோட போங்க, சண்டையிருந்தா சண்டையோட போங்க. கதவுல தாழ்ப்பாள் போட்டிருந்தாலும் அவரு உள்ளேதான் இருக்காரு. நீங்க வெக்கப்பட்டு எடுத்துப்போடச் சொல்றதையே அவரு கையில எடுப்பாரு. நம்புங்க. நான் நம்பினேன், அதுவும் பாதிதான் நம்பினேன். அதுக்கே இவ்வளவு.

எனக்காகவும் ஜெபிச்சுக்குங்க. வேலை நிலைக்கணும்னு கேளுங்க, வேண்டாங்கலை. ஆனா அதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: அந்த அறைக்குள்ள போனதும் பயந்துபோய், "தப்புங்க, இனிமே செய்யமாட்டேனுங்க"ன்னு நான் சொல்லிடக்கூடாது. நான் சொல்லக்கூடிய ஆளுதான். எனக்கு என்னைத் தெரியும். ஆண்டவருக்கு அதைவிட நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் அனுப்பறாருங்க.