ரிப்பன் கட்டிய புத்தகம்

எங்கள் புத்தகக் கடையில் தடித் தடியாகத் தத்துவப் புத்தகம் விற்றால், ஊரில் யாருடைய கனவோ கவிழ்ந்துவிட்டது என்று பொருள். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இது எப்படித் தெரியும்? எல்லாம் என் அண்ணி சொல்லித்தான்.

அண்ணி ஒரு முதலீட்டாளரின் அலுவலகத்தில் வரவேற்பு மேசையில் இருப்பவர். புதுக் கம்பெனி தொடங்க வருகிறவர்களில் தேறுகிறவர்களுக்கு அந்த முதலாளி பணம் போடுவார். தொண்டை வறண்டு வந்து உட்காருகிறவர்களுக்கு அண்ணி தண்ணீர் கொடுத்து, "பயப்படாதீங்க, அவர் ஒண்ணும் கடிக்க மாட்டார்" என்பார். பன்னிரண்டு வருடமாக இதே வேலை. முதுகு வலியால் அண்ணன் லாரி ஓட்டுவதை விட்ட பிறகு, வீடு ஓடுவது இந்த மேசையால்தான்.

முதலாளிக்கு ஒரு பழக்கம். யாருக்குப் பணம் போட நினைக்கிறாரோ அவரோடு இரண்டு மணி நேரம் சண்டை போடுவார். கதவைத் தாண்டிக் கத்தல் கேட்கும். யாரை அனுப்பிவிட முடிவு செய்தாரோ அவரிடம் முகமெல்லாம் பல்லாகச் சிரிப்பார். எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, "இதப் படிங்க, உங்களுக்கு உதவும்" என்பார். அவ்வளவுதான், ஆள் காலி. பாவம், அதுகள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பாதி ஜெயித்துவிட்ட மாதிரி லிஃப்டில் இறங்கிப் போகும்.

அலமாரி காலியானால் அண்ணி எங்கள் கடைக்கு வருவார். முதலாளி எந்தப் புத்தகத்திலும் முதல் அத்தியாயத்தைத் தாண்டியதில்லை. அண்ணிதான் மதியச் சாப்பாட்டு வேளையில் கடைசி வரை படித்து, அரைப் பக்கம் எழுதிக் கொடுப்பார். அது வெள்ளிக்கிழமை இணையத்தில் முதலாளியின் 'சிந்தனை' ஆகிவிடும். அறிவியல், சமூகம், தோல்வியின் மகிமை என்று மனுஷர் எதையும் விட்டுவைப்பதில்லை. தோல்வியைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால், நாமும் ஒரு தடவை உருப்படாமல் போய்ப் பார்க்கலாமே என்று ஆசை வரும்.

போன மாதம், 'வாசலில் ஒரு மனிதர் சிரித்து வரவேற்பதற்கு எந்த இயந்திரமும் ஈடாகாது' என்று எழுதினார். இது அவராகவே எழுதியது.

"என்னையத்தான் சொல்லியிருக்காரு!" என்று அண்ணி எங்களுக்கு வாசித்துக் காட்டினார். பெருமை தாங்கவில்லை.

அதே வாரம் ஒருவரோடு மூன்று மணி நேரம் கத்தல். அவர் கொண்டு வந்தது, வாசலில் நின்று வணக்கம் சொல்லி, பெயர் கேட்டு, உட்காரச் சொல்லும் ஒரு திரை. அவருக்குப் புத்தகம் கிடைக்கவில்லை. அண்ணி அதைத் தன்னோடு சேர்த்து யோசிக்கவில்லை. எழுத்தில் வந்ததை நம்பிவிட்டார்.

போன வியாழக்கிழமை, ஒரே ஒரு புத்தகம் வாங்க வந்தார்.

"ஒரு அம்மாவுக்காம். நாப்பத்தஞ்சு வயசு, நல்லாப் படிக்கிறவங்க, மனசு நோகக் கூடாது, நீங்களே பாத்து வாங்குங்கன்னாரு."

"ஐயோ பாவம்! யாரு அண்ணி?"

"தெரியல. என்ன ஆசையோட வர்றாங்களோ!"

ஒரு மணி நேரம் தேடினோம். நான் நீட்டியதையெல்லாம் தள்ளினார். "இது வெறும் உபதேசம். இது அழ வச்சிடும்." கடைசியில், நடுத்தர வயதில் பூச்சிகளை ஆராயத் தொடங்கிய ஒரு விஞ்ஞானியின் கதையை எடுத்தார். "இது நானே படிக்கணும்னு நெனச்சது." வண்ணத் தாள் சுற்றி, நீல ரிப்பன் கட்டினேன். "இன்னும் கொஞ்சம் ரிப்பன் விடேன், கஞ்சப்பிசினாறி!" என்று திட்டி, பூ மாதிரி முடிச்சுப் போட வைத்தார்.

மறுநாள் மதியமே திரும்பி வந்தார். கையில் அதே பொட்டலம். கல்லா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"காலைல கூப்பிட்டாரு. முகமெல்லாம் சிரிப்பு. எந்திரிச்சு அலமாரிப் பக்கம் போனாரு பாரு, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

முடிச்சு கலையாமல் இருந்தது. "பிரிக்கவே இல்லையா அண்ணி?"

"எதுக்குப் பிரிக்கணும்? தேடுனது நான், கட்டுனது நீ."

"அந்த ஆளு நல்லா இருப்பானா! பன்னெண்டு வருஷம்! ஒரு வார்த்தை கேக்கலையா நீங்க?"

"கேட்டேன். எங்கூட ஒரு அஞ்சு நிமிஷமாவது சண்டை போட்டிருக்கலாமே சார்னேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவருக்குப் புரியல."